முப்பது கிலோவுக்கு மேல் போகாத பெட்டி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. சென்னையில் நான் தங்கியிருந்த விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பிரமிளா சொன்னாள். அவளுடைய தெருவில் நடந்தது, ஆனால் அவள் அப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்ததால் பாதியைத்தான் பார்த்தாள், மீதியை அவளுடைய அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதனால் இதில் எங்காவது ஒரு வார்த்தை கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம். பெட்டியின் எடை விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

திருச்சியிலிருந்து அரியலூர் போகும் சாலையில் நொச்சிக்குளம் என்று ஓர் ஊர். அங்கே மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் அநேகமாக எந்த வீட்டிலும் குடும்பம் முழுசாக இருந்ததில்லை, ஏனென்றால் அந்தத் தெருவின் ஆண்கள் மஸ்கட்டில் இருந்தார்கள், அவர்களுடைய அப்பாக்களும் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தார்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், பெயின்ட் காய்வதற்குள் திரும்பிப் போனார்கள். யாராவது மஸ்கட் போகிறார் என்று தெரிந்துவிட்டால் அந்த வீட்டுக்குத் தெருவே பொட்டலத்தோடு வரும். என் மகனுக்கு ஊறுகாய், என் தம்பிக்குக் கருவாடு, எங்கள் வீட்டுக்காரருக்கு மூட்டுவலித் தைலம். போகிறவர் தன் துணியை எடுத்து வெளியே வைத்துவிட்டு ஊர்ப் பொட்டலங்களை உள்ளே வைப்பார். அப்படி வைக்காதவரைப் பற்றி அந்தத் தெருவில் இரண்டு தலைமுறை வரை பேசுவார்கள்.

அந்தத் தெருவிலிருந்து மஸ்கட்டுக்கு வேலைக்குப் புறப்பட்ட முதல் பெண் அடைக்கலமேரி. நர்ஸ் படிப்புப் படித்தவள். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். சம்பளம் வந்த அன்று சாயங்காலமே அதை மாமனார் தொம்மையின் கையில் கொடுத்துவிட வேண்டும், மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தலைவலி மாத்திரைக்கும் கேட்க வேண்டும், மகளுக்குப் பென்சில் வாங்கவும் கேட்க வேண்டும். தொம்மை கெட்டவர் இல்லை, கேட்டால் கொடுப்பார், ஆனால் கேட்க வேண்டும். அவள் கணவன் சூசைராஜ் மஸ்கட் போகாமல் ஊரிலேயே லோடு ஆட்டோ ஓட்டினான். அவனும் அப்படித்தான் கேட்டு வாங்கிக்கொண்டான். மகள் அமலிக்கு ஏழு வயது.

மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது என்று அவள் சொன்னபோது தெரு முழுக்கப் பேச்சு எழுந்தது.

"பொட்டச்சி போயி சம்பாதிச்சு, ஆம்பள இங்க உக்காந்து திங்கறதா?" என்றாள் எதிர்வீட்டு ரோணிக்கம். அவள் மகன் மஸ்கட்டுக்குப் போய் ஐந்து வருடமாக வரவில்லை.

"அவரும் வருவாரு சித்தி. அமலியும் வருவா. நாங்க மூணு பேரும் ஒரு வீட்டுல இருக்கப் போறோம்" என்றாள் மேரி.

"மூணு பேருமா?" ரோணிக்கம் சிரித்தாள். "அங்க போயி யாருடி குடும்பம் நடத்தியிருக்கா?"

தொம்மை சிரிக்கவில்லை. இருபது வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் தெருவில் எந்த வழக்கானாலும் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. "நீ போ தாயி, தடுக்கல" என்றார். "பிள்ளை இங்கதான் இருக்கும். பிள்ளை இங்க இருந்தாத்தான் பணம் வரும், நீயும் வருவ. நாங்கள்லாம் அப்படித்தான் போனோம்."

சூசைராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அமலி தன் அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

போகக் கூடாது என்று சொன்ன வாய்கள் எல்லாம், அவள் போவது உறுதி என்றானதும், பொட்டலம் கட்டத் தொடங்கின. டிவி கடையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வாங்கி வந்து அவள் தன்னுடைய நாலு சேலைகளையும் இரண்டு யூனிஃபார்மையும் வைத்திருந்தாள். அதன் மேல் ரோணிக்கத்தின் மாங்காய் ஊறுகாய் வந்தது, பிரமிளா வீட்டுக் கருப்பட்டி வந்தது, அடுத்து முறுக்கு, அடுத்து வடகம், அடுத்து கோயில் மெழுகுவத்தி. விமானத்தில் முப்பது கிலோதான் விடுவார்கள் என்பது அந்தத் தெருவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். பெட்டியை நடேசனுடைய மளிகைக் கடைக்குத் தூக்கிப் போய் மூட்டை நிறுக்கும் தராசில் வைத்தார்கள். சிவப்பு எண்களில் முப்பது என்று காட்டியது.

"கரெக்டா இருக்கு. இனிமே ஒரு அப்பளம்கூட வைக்க முடியாது" என்றான் நடேசன்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் கருவாட்டோடு ஓடி வந்தாள். மேரி தன் யூனிஃபார்ம் இரண்டையும் வெளியே எடுத்தாள். தராசு முப்பது காட்டியது. கருவாட்டை வைத்தாள். முப்பது காட்டியது. நடேசன் தராசைத் தட்டினான், பெட்டியை இறக்கிவிட்டு ஒரு வெல்ல மூட்டையை வைத்துப் பார்த்தான், மூட்டைக்கு மூட்டையின் எடை சரியாக வந்தது. பெட்டியை முழுக்கக் காலி செய்து வெறும் அட்டையை வைத்தார்கள், முப்பது. எல்லாவற்றையும் திருப்பி வைத்து, கூடவே அந்த வெல்ல மூட்டையையும் வைத்தார்கள், முப்பது. மூட்டை உள்ளே போன பிறகும் பெட்டியில் இடம் இருந்தது.

ரோணிக்கம், "அப்ப அம்மிக்கல்லையும் எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இது எப்படி நடந்தது என்று அந்தத் தெருவில் யாரும் கேட்கவில்லை. நான் பிரமிளாவிடம் கேட்டேன், அவளுக்கு எரிச்சல் வந்தது. "எப்படின்னு கேட்டுக்கிட்டு நின்னா எடம் போயிடும்டி, அங்க வரிசை எவ்வளவு நீளம் தெரியுமா" என்றாள். வரிசை மேரியின் வீட்டு வாசலில் தொடங்கி மாதா கோயில் வரை நின்றது. அம்மிக்கல் போயிற்று, அதற்குக் குழவி போயிற்று, கயிற்றுக்கட்டில் போயிற்று, மகன் சின்ன வயதில் குளித்த கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் போயிற்று, வேரோடு ஒரு முருங்கை போயிற்று, மஸ்கட்டில் கிடைக்காது என்று ஒருவர் அனுப்பிய மண்வெட்டி போயிற்று, ஒருத்தியின் கணவர் ஊரை விட்டுப் போகும்போது அரைகுறையாக நின்ற வீட்டின் ஒரு ஜன்னல், கம்பியோடு, சட்டத்தோடு, அவரே பார்த்து நல்லா இருக்கிறதா என்று சொல்லட்டும் என்று, அதுவும் போயிற்று. வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள். பங்குச் சாமியார் வந்து பார்த்துவிட்டு, மஸ்கட்டில் இருக்கும் தன் அக்கா மகனுக்கு ஒரு பை பூண்டு கொடுத்துவிட்டுப் போனார். பெட்டி முப்பதிலேயே நின்றது. அடைக்கலமேரியை மேரி என்று கூப்பிடுவதை எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். "பெட்டிக்காரி இருக்காளா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

தொம்மைக்கு ஒரு யோசனை பிறந்தது. "தாயி, நீ வேலைக்கே போவ வேண்டாம். மாசம் ஒரு தடவ போ, ஒரு தடவ வா. ஊரு சாமானைக் கொண்டு போயிக் குடுத்தாலே போதும், நாம நல்லா இருக்கலாம்."

"நான் நர்ஸ் மாமா" என்றாள் மேரி.

"நர்ஸா இருந்து என்ன கிழிச்ச?"

"இனிமேதான் மாமா."

அவள் அதைச் சத்தம் போடாமல் சொன்னாள், ஆனால் வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டது. அவளுடைய இரண்டு யூனிஃபார்மும் அப்போது வெளியே நாற்காலியில் கிடந்தன. இடம் இருந்தும் அவற்றை உள்ளே வைக்க யாரும் விடவில்லை, எப்போதும் யாராவது ஒருவர் தன் பொட்டலத்தோடு முந்திக்கொண்டார்கள்.

வழக்கு ஆட்டினால் வந்தது. ஈஸ்டருக்கு மகன் ஊர் ஆட்டுக்கறி சாப்பிட வேண்டும் என்று ரோணிக்கம் ஒரு கிடாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கறியாக அனுப்பினால் கெட்டுவிடும், அதனால் ஆடாகவே போகட்டும் என்றாள். நடேசன் ஒத்துக்கொள்ளவில்லை.

"யக்கா, உசுரோட இருக்கறத எப்படி சாமான்னு சொல்லுவ? ஏர்போர்ட்டுல கத்துச்சுன்னா?"

"கத்தினா கத்தட்டும். உன் தராசு என்ன சொல்லுதுன்னு பாரு மொதல்ல."

தெரு இரண்டாகப் பிரிந்தது. ஆடு சாமானா, இல்லையா என்று கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். தொம்மை நாற்காலியில் உட்கார்ந்து இரு பக்கமும் கேட்டார். பிறகு இருபது வருட அனுபவத்தைத் தொண்டையில் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"கவுண்டர்ல நிக்கறவன் உள்ள என்ன இருக்குன்னு பாக்க மாட்டான், நம்பரைத்தான் பாப்பான். நம்பரு முப்பதுன்னா அவனுக்கு ஆடும் ஒண்ணுதான், அம்மியும் ஒண்ணுதான். இந்தப் பெட்டிக்குள்ள போனா எல்லாம் சாமான்தான். அத யாரும் தடுக்கக் கூடாது. நானே தடுத்தாலும் கேக்காதீங்க."

கடைசி வாக்கியம் பேச்சு அழகுக்காகச் சொன்னது. கூட்டம் கைதட்டியது. ஆட்டைத் தூக்கி உள்ளே விட்டார்கள், தராசு முப்பது காட்டியது, ஆடு ஒருமுறை கத்திவிட்டு முருங்கைக் கீரையைத் தின்னத் தொடங்கியது. மேரி கூட்டத்தின் ஓரத்தில் அமலியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்தத் தீர்ப்பை அவள் தன் மாமனாரிடம் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள் என்று பிரமிளாவின் அம்மா சொல்கிறார். தொம்மையும் பெருமையாகத் திருப்பிச் சொன்னாராம்.

புறப்படும் நாள் காலையில் வேன் வந்து நின்றது. அதற்கு முன்பே மேரி பெட்டியைத் தெரு நடுவில் இழுத்து வைத்து, நடேசனிடம் கேட்டுத் தராசைக் கொண்டுவந்து பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். வழியனுப்ப வந்த தெரு சுற்றி நின்றது. அவள் கயிற்றை அவிழ்த்தாள். முதலில் ஊறுகாயை எடுத்து ரோணிக்கத்தின் வாசலில் வைத்தாள். எல்லாரும் அது கசிந்துவிட்டது போல என்று நினைத்தார்கள். பிறகு கருப்பட்டி வந்தது, கருவாடு வந்தது, கட்டில் வந்தது, குடம் தளும்பாமல் வந்தது, முருங்கை வந்தது, ஜன்னல் வந்தது, ஒவ்வொன்றும் வெளியே வந்ததும் தன் எடையைத் திரும்ப எடுத்துக்கொண்டது, அம்மிக்கல்லை எடுக்க மட்டும் வேன் டிரைவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஆட்டை அவள் இறக்கி விட்டாள், அது தானாகத் தன் வீட்டுக்குப் போயிற்று.

"என்னடி பண்ற நீ?" என்று ரோணிக்கம் கத்தினாள். "எம்மவன் அஞ்சு வருசமா அதுக்காகக் காத்துக்கிட்டிருக்கான்."

"தெரியும் சித்தி. நான் கொண்டு போயிக் குடுத்தா இன்னும் அஞ்சு வருசம் அங்கயே உக்காந்து தின்னுக்கிட்டிருப்பான். ஆடு இங்க இருக்கட்டும். அவன வரச் சொல்லுங்க."

ரோணிக்கம் வாசலில் வந்து நின்ற ஆட்டைப் பார்த்தாள்.

மேரி தன் யூனிஃபார்ம் இரண்டையும் பெட்டியின் அடியில் வைத்தாள். அதன் மேல் ஒரு கம்பளியை மடித்துப் போட்டாள். பிறகு அமலியைத் தூக்கி அதன் மேல் உட்கார வைத்தாள்.

தொம்மை நாற்காலியிலிருந்து எழுந்தார். "பிள்ளையை இறக்கு."

"தராசப் பாருங்க மாமா."

முப்பது.

"பிள்ளை இங்கதான் இருக்கும்னு அன்னைக்கே சொல்லிட்டேன்."

"அதுக்கப்புறம் இன்னொண்ணு சொன்னீங்க. இந்தப் பெட்டிக்குள்ள போனா எல்லாம் சாமான்தான், நானே தடுத்தாலும் கேக்காதீங்கன்னு. ரெண்டு தடவ சொன்னீங்க."

"அது ஆட்டுக்குச் சொன்னது!"

"ஆட்டுக்கு ஒரு சட்டம், எம் பிள்ளைக்கு ஒரு சட்டமா?"

தொம்மை தெருவைப் பார்த்தார். தெரு வழக்கமாக அவர் பார்த்தால் தலையாட்டும். அன்று எல்லாரும் அவரவர் வாசலில் வந்து இறங்கியிருந்த பொருளோடு நின்றார்கள், கட்டிலின் மேல் சிலர் உட்கார்ந்துவிட்டார்கள், ஜன்னல்காரி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அதன் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பேசியது ரோணிக்கம்தான்.

"சொன்னது சொன்னதுதான் மச்சான். எங்க ஆட்டுக்கு நீரு தீர்ப்புச் சொன்னப்ப நல்லாத்தான இருந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். தொம்மை மகனைப் பார்த்து, "ஏண்டா, வேடிக்க பாக்கற? இறக்குடா பிள்ளைய" என்றார்.

சூசைராஜ் பெட்டியின் அருகே போனான். குனிந்தான். மகளின் பக்கத்தில் கம்பளியைச் சரி செய்தான், ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தான், அடுத்த காலையும் வைத்தான், அமலியை மடியில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆள் உயரமானவன். பெட்டியில் இடம் இருந்தது.

"நீ எங்கடா போற?"

"வீட்டுக்குப்பா."

"இதுதாண்டா வீடு!"

"நீங்க லீவுல வந்தப்பல்லாம் நான் அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். இவரு எப்ப போவாருன்னு. உங்க மேல கோவம் இல்லப்பா, நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. எனக்கு அப்பான்னா நீங்க கொண்டு வந்த சோப்பு வாசம்தான். எம் பொண்ணு என்னை மோந்து பாத்துக் கண்டுபிடிக்க வேண்டாம்."

சிவப்பு எண்கள் முப்பதில் நின்றன. நடேசன் வழக்கமாகச் செய்வது போல எண்ணை உரக்கப் படித்தான்.

மேரி மூடியை மடித்துக் கயிறு கட்டத் தொடங்கினாள். காற்றுக்கு ஓட்டை போட்டார்களா என்று நான் பிரமிளாவிடம் கேட்டேன். "அவ நர்ஸுடி" என்றாள். கோணி ஊசியால் நாலு பக்கமும் குத்தியிருந்தாளாம். தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தாளாம்.

கயிறு சரியாக விழவில்லை. மேரிக்குக் காயத்துக்குக் கட்டுப் போடத் தெரியும், பெட்டிக்குக் கட்டுப் போட்டுப் பழக்கமில்லை. தொம்மை கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு பொறுக்க முடியாமல் வந்தார். "தள்ளு. இந்தக் கட்டு திருச்சி தாண்டாது" என்று அவள் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி, குறுக்கே ரெண்டு, நெடுக்கே ரெண்டு, மூலைக்கு ஒரு முடிச்சு என்று முழங்காலை வைத்து அழுத்தி இழுத்துக் கட்டினார். உள்ளே இருந்து, "தாத்தா, மெதுவா" என்று குரல் வந்தது. அவர் ஒரு முடிச்சைத் தளர்த்தினார். மேரிக்கு ஆசீர்வாதம் சொல்லவில்லை, போய்வா என்றும் சொல்லவில்லை. அவளும் அதற்காகக் காத்து நிற்கவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தை அவளும் மறு பக்கத்தை டிரைவரும் தூக்கி வேனில் ஏற்றினார்கள்.

விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் எடையைப் பார்த்துத் தலையாட்டினாள். வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

"உயிருள்ளது ஏதாவது இருக்கா?"

"இருக்கு."

"கெட்டுப் போற பொருளா?"

"இங்க விட்டுட்டுப் போனா கெட்டுப் போயிடும்."

அந்தப் பெண் பெட்டியை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கண்ணாடித் தம்ளர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து ஒட்டினாள். இது உடையும், பார்த்து வையுங்கள் என்று பெல்ட் அருகே நின்றவரிடமும் சொன்னாள்.

மஸ்கட்டில் சுங்க அதிகாரி கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். தொம்மையின் முடிச்சுகளை அவிழ்க்க நேரமானது, பின்னால் வரிசை நீண்டது. மூடியைத் திறந்ததும் சூசைராஜ் அவருக்கு வணக்கம் சொன்னான். அமலி ஒரு யூனிஃபார்மை உருவித் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், கன்னத்தில் அதன் பொத்தான் அச்சு விழுந்திருந்தது. அந்த அதிகாரி எத்தனையோ வருடமாக இந்த ஊர்ப் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர், ஊறுகாயும் கருவாடும் பார்த்துப் பழகியவர். மேரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், இது விற்பனைக்கா, சொந்த உபயோகத்துக்கா என்று.

"சொந்த உபயோகத்துக்கு" என்றாள் மேரி.

அவர் பெட்டியின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, போகலாம் என்று கை காட்டினார்.

அதன் பிறகு நொச்சிக்குளத்தில் அட்டைப்பெட்டிக்குக் கிராக்கி வந்தது. எந்தப் பெட்டி வாங்கினாலும் தராசு உள்ளதைத்தான் காட்டியது. ஆனாலும் தெருப் பெண்கள் பொட்டலம் கொண்டு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். போனில் மகனிடமும் கணவனிடமும், நீ எப்போது வருகிறாய், இல்லை நாங்கள் எப்போது வரட்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆண்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டாலும் கேட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டு முடித்த பிறகும் எனக்கு ஒரு பயம் இருந்தது. பெட்டியில் போனவர்களைப் பெட்டியில்தான் வைத்திருப்பார்களோ, அங்கே அவர்கள் பெயர் எந்தக் காகிதத்திலாவது இருக்குமோ இருக்காதோ என்று. எனக்கு இந்த மாதிரி பயங்கள் வரும். போன மே மாதம் அவர்கள் லீவுக்கு நொச்சிக்குளம் வந்திருந்ததாகப் பிரமிளா சொன்னபோது, எண் வாங்கி நானே போன் செய்தேன். எடுத்தது அமலி. அம்மா துணி மடிக்கிறாள், அப்பா குளிக்கிறார், சாயங்காலம் கிளம்புகிறோம் என்றாள். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை, எப்படிப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவள் டிக்கெட்டை எடுத்து வந்து எனக்குப் படித்துக் காட்டினாள். மூன்று பேருக்கும் தனித்தனி இருக்கை, ஒரே வரிசையில். அவளுடையது ஜன்னல் பக்கம்.